பழப்புளியால் தேய்த்த துவக்கு

குளிர்காலத்தில் ஒஸ்லோ வீதிகளில் உப்புத் தூவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உப்பு சைக்கிள் சங்கிலியில் ஏறிவிட்டால் அதன்மேல் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் கறள் பிடிக்கத்தான் செய்யும். முதலில் இளஞ்சூட்டு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு துடைத்துக் காய விட வேண்டும். எண்ணெய் கடைசியில்தான். இதை நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்பா, இதை எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இந்த விசயம் ஒரு துவக்கால் எனக்குத் தெரிய வந்தது. வேட்டைக்காரர்களின் இரட்டைக்குழல் துவக்கு. அது எங்கள் வீட்டில் சில நாட்கள் இருந்தது, அதுவும் ஒளித்து வைத்தபடி.

அப்போது இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம்தான். நான் நாலாம் வகுப்பு. ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், எங்களோடு மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருகோணமலையிலிருந்து எங்களுக்குப் பின்னால் வந்தவர். கலியாணம் ஆகவில்லை. வரவேற்பறைச் சோபாதான் அவருடைய படுக்கை. விடிய முன்னமே எழும்பி ஒரு பேக்கரிக்குப் பாண் போட வேலைக்குப் போவார்.

அந்தப் பேக்கரியில் வான் ஓட்டிய வயதான நோர்வேக்காரர் ஒருவர் மாமாவோடு நல்ல சிநேகிதம். வீட்டில் நாங்கள் அவரை வான்காரர் என்றே சொல்லுவோம். இலையுதிர்காலம் வந்தால் வான்காரர் படகில் போய்க் கடல் வாத்துச் சுடுவார். அவர்தான் மாமாவுக்கு ஆசை காட்டி, வேட்டைக்காரருக்கான வகுப்புக்கு அனுப்பினார். மாமா சோதனையில் சித்தியடைந்து வேட்டைக்கான அனுமதி அட்டையும் எடுத்தார். வந்த விருந்தாளி ஒருவரையும் அந்த அட்டையைப் பார்க்காமல் போக அவர் விட்டதில்லை.

அப்பாவுக்கு இது பெரிய பகிடி. "மச்சான், கடையிலை கோழி உரிச்சு, வெட்டி, சுத்திக் கிடக்கு. நீ என்னெண்டால் வாத்துக்குப் பின்னாலை கடலுக்குப் போறாய்," என்பார். அம்மா சிரிக்க மாட்டார். அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, வாத்தைக் கொண்டு வா. துவக்கைக் கொண்டு வராதை."

அம்மாவுக்குத் துவக்கு என்றாலே ஆகாது. தொலைக்காட்சியில் யாராவது துவக்கைத் தூக்கினால் அடுத்த நிமிடம் வேறு நிகழ்ச்சி ஓடும். பிறந்தநாளுக்கு ஒரு சிநேகிதன் எனக்குத் தந்த பச்சை நிறத் தண்ணீர்த் துவக்கு, விருந்தாளிகள் செருப்பைப் போடுவதற்கு முன்னமே குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது. நான் அழுதேன். அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது, அதுதான், என்றார் அப்பா. தண்ணீர்த் துவக்கில் என்ன சத்தம் என்று நான் யோசித்தேன். ஆனால் கேட்கவில்லை.

மாமாவின் முதல் வேட்டை ஒக்டோபர் தொடக்கத்தில் வந்தது. எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வான்காரர் தன் துவக்குகளில் ஒன்றை அவருக்கு இரவல் கொடுத்தார். அது அவருடைய தகப்பன் பாவித்தது. குழல் கருநீலமாக மினுங்கும். அந்தக் கருநீலம் பூசிய மை இல்லை, கறள் வராமல் இருக்க இரும்பின் தோலிலேயே ஏற்றிய நிறம் என்று மாமா விளக்கினார்.

கடலில் அன்று நல்ல காற்று. அலை உடைந்து உடைந்து படகுக்குள் தெறித்ததாம். மாமா வாத்து எதையும் சுடவில்லை. சத்தி எடுத்ததுதான் மிச்சம். இரண்டு வாத்தும் வான்காரர் சுட்டவை. கரைக்கு வந்தபோது வான்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகளுக்கு நாளுக்கு முன்னரே பிள்ளை பிறந்துவிட்டது. அவர் மாமாவை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வடக்கே போக வேண்டியதாயிற்று. துவக்கின் முன்பக்க மரத்துண்டைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டார். அது இல்லாமல் யாராலும் அதைச் சுட முடியாது. தோட்டாக்களும் அவரிடம்தான். துவக்கை மாமாவின் கையில் கொடுத்து, போனவுடனே நல்ல தண்ணீரால் கழுவு, காய வை, எண்ணெய் பூசு, மூடிக் கட்டி வைக்காதே, காற்றுப் பட நிறுத்தி வை என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்த அம்மா, மாமாவின் ஒரு கையில் வாத்துகளையும் மறு கையில் நீளமான பையையும் கண்டார். வாத்துகளை வாங்கிக்கொண்டார். பிறகு வாசலில் குறுக்கே நின்றார்.

மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முன்துண்டு இல்லை, தோட்டா இல்லை, இப்போது இது வெறும் குழாய்தான் என்றார். குளியலறையில் ஒருமுறை கழுவ விட்டால் போதும் என்றார். அம்மா அசையவில்லை. அப்பா எழும்பி வந்து நடுவராகி ஒரு தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குள் வேண்டாம், கீழ்த்தளத்தில் சாமான் போடும் எங்கள் சிறிய அறையில் வைத்துப் பூட்டுவோம். மாமா படிக்கட்டிலேயே குந்தியிருந்து, ஈரத்தைத் துடைத்து, வான்காரர் தந்த சிறு குப்பி எண்ணெய் முழுவதையும் உப்பின் மேலேயே பூசினார். வேறு என்ன செய்வார்?

கீழே அந்த அறைகளுக்குச் சுவர் கிடையாது, வெறும் மரச்சட்டங்கள். போகிற வருகிற எல்லோருக்கும் உள்ளே இருப்பது தெரியும். அதே கட்டிடத்தில் இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்கள். ஒருவர் கண்டால் போதும், இவர்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதாம் என்று தமிழ்ச் சனம் கூடும் ரொம்மன் வரைக்கும் கதை போய்விடும். எங்களுக்கோ அப்போது நோர்வேக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஆகவே அம்மா கறுப்புக் குப்பைப் பைகளை எடுத்து, அந்தத் துவக்கு மூச்சு விடாதபடி சுற்றச் சொன்னார். மேலே ஒட்டுநாடா. அதற்கு மேலே ஒரு பழைய பாய். பிறகு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால். எந்த ஒரு காரியத்தைச் செய்யாதே என்று வான்காரர் சொல்லிவிட்டுப் போனாரோ, அதை நாங்கள் இவ்வளவு கவனமாகச் செய்து முடித்தோம்.

வாத்துக்கறி நன்றாக இருந்தது. கொஞ்சம் மீன் வாசம் அடித்தது. அப்பா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கோழிதான் நல்லது என்றார்.

சில நாட்களுக்குப் பிறகு வான்காரர் தொலைபேசியில் பேசினார். நாளை பின்னேரம் ஒஸ்லோவுக்கு வருகிறேன், வந்து துவக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். பாயை விரித்து, நாடாவை வெட்டிப் பையைப் பிரித்தார். உள்ளே வியர்த்திருந்தது. குழல் முழுவதும் மிளகாய்த்தூள் தூவினது போல் செம்மண்ணிறப் புள்ளிகள். ஒரு இடத்தில், கை பிடிக்கும் நீளத்துக்கு, புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து திட்டாகப் படர்ந்து இருந்தன.

மாமா துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மேலே வந்து சோபாவில் இருந்தார். அம்மாவைக் குற்றம் சொல்லவே இல்லை. அம்மா இரண்டு மூன்று தரம் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"அது அந்த மனிசன்ரை அப்பா வைச்சிருந்த சாமான், அக்கா. இந்த நாட்டிலை என்னை நம்பி ஒருத்தர் கையிலை தந்த முதல் சாமான் அதுதான்."



அடுத்த நாள் காலை மாமாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். வெகு நேரம் காணவில்லை. திரும்பி வந்தபோது துவக்கை ஒரு துவாயில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். படி ஏறின களைப்பா என்னவோ, முகம் வெளுத்துப் போயிருந்தது. குசினி நிலத்தில் பத்திரிகையை விரித்து அதை வைத்தார்.

அதன் பிறகு அம்மா பழப்புளியைக் கரைத்தார்.

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு எப்போதும் பழப்புளியால்தான் பளபளக்கும். பித்தளைக்குச் சரியானது இரும்புக்கும் சரிதானே என்று அம்மா நினைத்திருப்பார். முதலில் துவாயால் பிடித்துக்கொண்டு தேய்த்தார். வழுக்கியது. பிறகு துவாயை எறிந்துவிட்டு, நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, குழலைத் தூக்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, வெறுங்கையால் தேய்த்தார். திட்டாகப் படர்ந்த இடத்தில் தொடங்கினார். கறள் கரைந்து கரைந்து போயிற்று. எனக்குச் சந்தோசம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், கறளோடு சேர்ந்து அந்தக் கருநீலமும் போயிருந்தது. கை பிடிக்கும் நீளத்துக்கு அந்த இடம் கறிக்கத்தி போல் வெள்ளையாகத் தெரிந்தது. புளி இரும்பின் நிறத்தையும் சேர்த்துத் தின்னும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

அம்மா திடுக்கிட்டுத் துவக்கைக் குளியலறைக்குக் கொண்டு ஓடினார். இளஞ்சூட்டுத் தண்ணீரை மேலும் கீழும், குழலுக்குள்ளும் விட்டுப் புளி போகக் கழுவினார். முடி உலர்த்தும் இயந்திரத்தால் காய வைத்தார். மிச்சப் புள்ளிகளைப் புளி இல்லாமல், எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். அவை மேலோட்டமானவை, போய்விட்டன. எண்ணெய் என்றால் எங்கள் வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய்தான். சூடேற்றியின் மேல் போத்தலை வைத்து உருக்கிப் பூசினார். பிறகு வெளிமாடத்தில் காற்றுப் பட நிறுத்தி, மேலே ஒரு போர்வையைத் தொங்க விட்டார். சற்று நேரத்தில் குளிருக்கு எண்ணெய் உறைந்து, துவக்கு வெள்ளைப் பட்டுச் சட்டை போட்டது போல் நின்றது.

மாமா வேலையால் வந்தார். போர்வையை விலக்கினார். விரலால் எண்ணெயை வழித்தார். நிறம் போன இடத்தைக் கண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, இனி நல்ல சண்டை இருக்கிறது என்று காத்திருந்தேன்.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். நிறத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"அக்கா, நீங்களோ இதைத் தொட்டனீங்கள்?"

"ஓம்," என்றார் அம்மா. "வேற ஆர் தொடுறது?"

மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு துவக்கின் நிறத்துக்காக அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பின்னேரம் வான்காரர் வந்தார். கதவடியில் நின்றே மூக்கை உறிஞ்சி, ஏதோ தேங்காய்க் கேக் வாசம் அடிக்கிறதே என்றார். மாமா நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். கழுவாமல் விட்டது, மூடிக் கட்டியது, புளி போட்டது எல்லாவற்றையும். அவர் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். உள்ளே சுத்தம். வெள்ளையாகிப் போன இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு, ஏன் இதை வீட்டுக்குள் வைக்கவில்லை என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவின் நோர்வேமொழி அவ்வளவு போதாது. என்னைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"எங்கடை வீட்டுக்குத் துவக்கோடை வந்தவை, போகேக்கை என்ரை அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவை எண்டு சொல்லு," என்றார் அம்மா.

எனக்கு ஒரு பெரிய மாமா இருந்ததே அன்றுதான் தெரியும். அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. வேட்டைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். சொன்னதை அப்படியே நோர்வேமொழியில் சொன்னேன்.

வான்காரர் தொப்பியைக் கழற்றினார். அம்மாவிடம் கையை நீட்டினார். எப்போதும் கைகூப்பும் அம்மா, புளிக்கறை போகாத கையை அன்று நீட்டினார். இவ்வளவு வேலை செய்து தந்ததற்கு நன்றி என்றார் அவர். நிறம் போன இடத்துக்கு இனி மற்ற இடத்தைவிட அடிக்கடி எண்ணெய் போட்டால் சரி, நானே போடுகிறேன் என்றார். துவக்கைத் தன் மேலங்கிக்குள் மூடிக்கொண்டு கீழே இறங்கினார். அடுத்த இலையுதிர்காலத்திலும் மாமாவைக் கூட்டிப் போனார். எங்கள் வீட்டுக்கு அதன் பிறகு வாத்துகள்தான் வந்தன.

இன்று மாமாவுக்குப் பேரப்பிள்ளைகள் காணும் வயது வந்துவிட்டது. வான்காரர் இல்லை. அம்மாவின் அண்ணா திரும்பி வரவே இல்லை என்பதையும், துவக்கோடு வந்தவர்களுக்கு ஊர் வீட்டுக் கதவைத் திறந்து விட்டது அம்மாதான் என்பதையும் நான் வளர்ந்த பிறகு மாமா சொல்லித்தான் அறிந்தேன். மிச்சமிருந்த ஒரே தம்பியின் முகம் வாடக்கூடாது என்று, அப்படிப்பட்ட அம்மா, அந்தப் பொருளை மூன்று மாடி தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அம்மாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது.

அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். தேய்க்கும்போது அம்மா இடைக்கிடை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். பசிக்கிறது, சோறு எப்ப ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் பொறு ராசா, இந்தா முடியப் போகுது, என்றார் அம்மா.