கோலம் போட்ட கழிப்பறை வாசல்

மாரியம்மாளுக்கு அன்று காலையில் கை கால் ஓடவில்லை. ஏற்காட்டில் கோடை விழா தொடங்கும் நாள். ஒண்டிக்கடைச் சந்திப்பில் கடைக்காரர்கள் சேர்ந்து கட்டிய கழிப்பறைக்கு அவள்தான் பொறுப்பு. ஆண்கள் பக்கத்து நாற்றம் மதியத்துக்குள் அடங்காவிட்டால் கட்டடத்தையே பூட்டிவிடுவதாக டீக்கடைக் கந்தசாமி முந்தின நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கடைக்காரர்களுக்குத் தலைவர் அவர். சொன்னால் செய்கிற ஆள்.

ஆண்கள் நாறடித்தால் பெண்கள் பக்கத்துக்கும் சேர்த்துப் பூட்டாம். இது எந்த ஊர் நியாயம்?

மாரியம்மாள் நாகலூர்க்காரி. பாதி ஆயுசை எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்தில் கழித்தவள். அங்கே ஆண்களுக்கு அவசரமென்றால் எந்த மரமும் போதும். பெண்கள் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வார்கள். அடக்க முடியாதே என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அப்படிக் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்து, சேலத்து ஆஸ்பத்திரியில் துடியாய்த் துடித்தவள் அவள். அதனால்தான் இந்த வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள்.

ஆனால் இந்த ஆம்பிளைகளை என்ன செய்ய? பனிமூட்டம் இறங்கினால் தரை காயாது. ஈரத்தைப் பார்த்ததும் ஒருத்தன் அரையடி தள்ளி நிற்பான். தள்ளி நின்றால் பாதி தரையில்தானே விழும்? அடுத்தவன் அதைப் பார்த்து இன்னும் அரையடி தள்ளுவான். கடைசியில் வருகிறவன் வாசலிலிருந்தே குறிபார்ப்பான். போர்டு எழுதி மாட்டினாள். வெளியிலிருந்து, "கிட்டக்கப் போய் நில்லுங்க!" என்று கத்தினாள். "அக்கா, நீங்க கத்துனா வர்றதும் நின்னுருதுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பினாயில் ஊற்றி மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். களத்தில் செய்கிற மாதிரி பழைய காப்பிச் சாக்கைப் போட்டு ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். தரை காய்ந்தே விட்டது! அந்தச் சந்தோஷத்தில், திருநாளும் அதுவுமாக வாசல் வெறிச்சோடிக் கிடக்கலாமா என்று தோன்றியது. ஆண்கள் பக்கத்து வாசலை அடைத்துப் பெரிய கோலமாகப் போட்டுவிட்டாள்.

எதிரே சோளம் வேகவைத்து விற்கிற சாரா வாயில் கை வைத்தாள். "ஏனுங்கக்கா, கக்கூஸ் வாசல்ல கோலமா?"

"நாள் பூரா நான் உக்கார்ற வாசல் கண்ணு. ஊட்டு வாசலைக் காட்டிலும் இதைத்தான் நான் நொம்பப் பாக்கறேன். இந்தா, தண்ணி குடி. உதடு வெடிச்சுக் கிடக்குது."

சாரா பாட்டிலை வாங்கி, திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பூட்டிட்டாங்கன்னா எங்கக்கா போறது?"

மாரியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

முதலில் வந்தவன் ஜீப் டிரைவர் தினேஷ். பறந்து வந்தவன் கோலத்தைக் கண்டதும் பிரேக் போட்டு நின்றான். யாரும் சொல்லவில்லை, கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. கோலத்தைத் தாண்டி வெறுங்காலோடு உள்ளே போனான்.

அட!

வெறுங்காலோடு போனவன் தள்ளி நிற்பானா? தன் காலில் அல்லவா தெறிக்கும்! ஒட்டி நின்று, காரியத்தை முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தான். அடுத்து வந்தவன் அந்தச் செருப்பைப் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றினான். அவ்வளவுதான், அது பிடித்துக்கொண்டது. சேலத்திலிருந்து வந்த காலேஜ் பையன்கள் அவசரத்தில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு ஷூவை அவிழ்த்த கூத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். உள்ளேயிருந்து ஒரு குரல், "டேய், கால்ல படுதுடா, கிட்டப் போய் நில்லுடா!" என்று அலறியது. இத்தனை நாள் மாரியம்மாள் தொண்டை கிழியக் கத்திய அதே வார்த்தை! அவளுக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. கூட்டம் ஓயும்போதெல்லாம் சாக்கோடு உள்ளே ஓடித் தரையை ஒற்றிவிட்டு வந்தாள். கால் கழுவ வாசலோரம் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தாள்.

மதியம் கந்தசாமி பூட்டோடு வந்துவிட்டார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து, "என்ன மாரியம்மா, உள்ள பூஜையா நடக்குது?" என்றார்.

"நீங்களே போய்ப் பாருங்க."

பேசிக்கொண்டே அவரும் செருப்பைக் கழற்றினார். தான் கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே போனவர் வருவதாகக் காணோம். சாரா அடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். உள்ளே சளசளவென்று தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு.

வெளியே வந்தவர் வாளியில் கால் கழுவினார். செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டார். பூட்டை வேட்டி மடிப்பில் செருகினார்.

"கோலம் கலைஞ்சு போச்சு பாரு. சாயந்தரக் கூட்டம் வர்றதுக்குள்ள புதுசா ஒண்ணு போட்டுரு" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மாரியம்மாள் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். சாரா பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். முழுசையும் குடித்து முடித்த பிறகுதான் கீழே வைத்தாள்.