ஷான் மக்களுக்காக ஜெபித்த நர்ஸம்மா

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நான் வேலைக்குப் போய்வந்த பஸ்ஸில் ஒரு நர்ஸம்மா வருவார். நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருப்பார். உட்கார்ந்ததும் ஒரு சின்ன அட்டையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சிமெண்ட் லாரிகளின் புழுதி முகத்தில் அடித்தாலும் திறக்க மாட்டார்.

ஒருநாள் அட்டையை எட்டிப் பார்த்தேன். ‘ஷான் மக்கள், மியான்மர்’ என்றிருந்தது.

“தெரிஞ்சவங்களாங்க?” என்றேன்.

“பார்த்ததே இல்லீங்க. உலகப் போர் சமயத்துல சண்டைக்குப் பயந்து எங்கப்பா குடும்பம் பர்மாவுலேருந்து நடந்தே வந்துச்சு. வழியில ஒரு ஷான்காரங்க வூட்டுல மூணு நாள் வச்சு சோறு போட்டிருக்காங்க. இப்ப எங்க சபையிலேருந்து ரெண்டு பேரு அங்க ஊழியத்துக்குப் போயிருக்காங்க.”

“அவங்களுக்குன்னு ஒரு சாமி இருக்குமே. அவங்க மதம் மாறணும்னு வேண்டிக்கிறீங்களா?”

கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அவர் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“அந்த ஆசை இருக்குங்க, மறைக்கல. ஆனா தினம் நான் கேக்குறது வேற. போனவங்க ஏசுவப் பத்திப் பேசறதுக்கு முந்தி அந்த ஷான்காரங்க வூட்டுல ஒரு வாய் சாப்பிடணும். ஒண்ணும் தெரியாத சனங்கன்னு நெனச்சிடக் கூடாது.”

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன மாதம் ஷான் மக்கள் இருக்கும் பக்கம் சண்டை என்று பேப்பரில் படித்தேன். அன்று கோயிலில் சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்ளும்போது, அந்த ஜனங்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னது அவர்களுக்காகவா, நர்ஸம்மாவுக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.