வேலையில்லாக் குடலின் கலகம்

என் அக்கா நல்லம்மாவின் கணவர் நாகநாதன் அத்தான், பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அதைவிடப் பெரிய பதவி, எங்கள் பிள்ளையார் கோவில் நிர்வாகக் குழுத் தலைவர். தலைவரானதும் மீனையும் கறியையும் அடியோடு விட்டுவிட்டதாக மேடையில் அறிவித்தார். மற்றவர்களும் விடவேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார்.

1991-ல் ஒருநாள் வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தவரை என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசர அறுவை. அது முடிந்து வெளியே வந்த டாக்டர், ஒரு சின்ன போத்தலை அக்காவிடம் நீட்டினார். உள்ளே ஒரு மீன் முள்.

"இதுதான் குடலைக் குத்திக் கிழிச்சிருக்கு" என்றார்.

"அவரு சைவம் லா டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முள்ளுக்கு அது தெரியல போல."

சூலியா தெருவில் ஒரு மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடையில் அத்தானுக்கென்று மூலை மேசை ஒன்று இருந்தது பிறகு தெரியவந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிழிந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மேற்குடலின் முனையை இடுப்புக்குப் பக்கத்தில் வெளியே இழுத்து ஒரு பையை மாட்டியிருந்தார்கள். போவதெல்லாம் பையில் போகும். மிச்சமிருந்த கீழ்க்குடலை மேலே தைத்து மூடிச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். புண் ஆறியதும் இரண்டையும் இணைத்துவிடலாம் என்று ஏற்பாடு.

லீவில் இருந்த குடல்தான் கலகம் செய்தது. எதுவும் வர வேண்டியிராத வழியில் சளியும் ரத்தமும் வர ஆரம்பித்தன. அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைக் கால்சட்டைகள்தான் அக்காவிடம் சொல்லின. புற்றுநோய் என்று அவள் ஒரு பக்கம் அழுதாள். பிள்ளையார் தண்டிக்கிறார் என்று அவர் ஒரு பக்கம் படுத்துவிட்டார். குடல் அழற்சி என்று கொடுத்த மாத்திரைகளால் முகம் வீங்கியதே தவிர ரத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் அதே ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கமால் மாற்றலாகி வந்தார். கேமரா வைத்த குழாயைக் கீழ்வழியே விட்டுப் பார்த்தார். உள்ளே சுவரெல்லாம் ரணம். ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இது கேன்சர் இல்ல அங்கிள். பட்டினி."

"நான் நல்லாத்தான சாப்பிடறேன்?"

"நீங்க சாப்பிடறீங்க. அது அங்க போய்ச் சேரலயே. பெருங்குடல்ல கோடிக்கணக்கா பாக்டீரியா இருக்கு. நம்ம தின்ன கீரை, பருப்புல செரிக்காத மிச்சத்தை அது தின்னுட்டு, ஒரு மாதிரி ஆசிட் விடும். குடல் சுவருக்கு முக்கியமான சாப்பாடே அந்த ஆசிட்தான்."

அத்தான் யோசித்தார். "அப்ப, பூச்சியோட கழிவு எனக்குச் சாப்பாடா?"

"உங்க குடலுக்கு, ஆமா. இப்ப மேலேர்ந்து ஒண்ணும் வரல. பாக்டீரியாவுக்குத் தீனி இல்ல, ஆசிட் இல்ல. சுவர் இளைச்சுப் போச்சு. உங்க உடம்போட காவல்காரங்க, கிருமியைப் பிடிக்க வேண்டியவங்க, கண்ணுல பட்டதெல்லாம் அடிக்கறாங்க. அமெரிக்காவுல கொஞ்சம் பேருக்கு அந்த ஆசிட்டையே உள்ள விட்டுப் பார்த்திருக்காங்க. நின்னிருக்கு. நம்மளும் பார்க்கலாமா?"

"எந்த வழியா?" என்று கேட்ட அத்தான், டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே அந்தத் திரவத்தைக் கலந்து கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் ஆசனவாய் வழியே ஏற்றிக்கொண்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். நாற்றத்தை எப்படிச் சொல்வது? கெட்டுப்போன வெண்ணெயைத் தின்ற குழந்தை பஸ்ஸில் வாந்தியெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஒரு மாலை, மருந்து உள்ளே போன கையோடு, கோவில் குழு நலம் விசாரிக்க வந்துவிட்டது. செயலாளர் விநாசித்தம்பி நாற்காலியில் உட்கார்ந்து விபூதியை எடுத்தார். பிறகு மூக்கைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையை எடுத்தார். அதைக் கீழே வைக்கவில்லை.

"எலி செத்துருக்கு" என்றார் அத்தான், அசையாமல் படுத்தபடி.

"எங்க அண்ணே?"

"தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

விநாசித்தம்பி நல்ல மனிதர். முழங்காலில் நின்று கட்டிலுக்கு அடியில் தேடினார். அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். மீன் முள் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சில வாரங்களில் ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது. டாக்டர் கமாலுக்கே கொஞ்சம் ஆச்சரியம். அந்த ஆசிட் சுவருக்குச் சாப்பாடு மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு அணுக்களை அடங்கி இருக்கச் சொல்லும் சேதியும்கூட என்று விஞ்ஞானிகள் விவரமாகக் கண்டுபிடித்தது பல வருடங்களுக்குப் பிறகு. அன்று அவர் சொன்னது, "எப்படின்னு முழுசாத் தெரியல அங்கிள். ஆனா அடங்கிருச்சு."

குடலை இணைத்தார்கள். அதன்பின் வார்டே ஒரு காற்றுக்காகக் காத்திருந்தது. அது பிரிந்தால்தான் பாதை திறந்ததாக அர்த்தமாம், கஞ்சியும் கிடைக்கும். வீட்டில் அந்தச் சொல்லையே உச்சரிக்கவிடாத அத்தானை, தாதிகள் காலையும் மாலையும் கேட்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் அது நடந்தது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். அத்தான் படுத்தபடியே கும்பிட்டார். பிள்ளையாரையா, கிழவரையா, பாக்டீரியாவையா என்று சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது, குடல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. டாக்டரிடம் கெஞ்சி அதன் படத்தை வாங்கிக்கொண்டார் அத்தான். கூடத்தில் மாட்ட அக்கா விடவில்லை. அதனால் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். செபராங் ஜெயாவில் ஒரு கல்யாண வீட்டில் என் மாமனாரிடமும் அதை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேரப்பிள்ளையோட ஸ்கேனா? முகம் இன்னும் சரியாத் தெரியல லா" என்றார். "ஆனா உங்க சாயல் இருக்கு."