கொன்றவனை வளர்த்தவள்

அந்தக் குடுவை உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள், செம்பருத்திச் சாறு போன்ற திரவத்தோடு படுத்துக் கிடக்கும். மலேரியா ஒட்டுண்ணி அதில் மனித ரத்த அணுக்களைத் தின்று வளர்ந்தது. தினமும் பழைய ஊட்டத்தை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். அவ்வப்போது ரத்தமும் சேர்க்க வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று விடுப்பு கிடையாது. ஊற்றியவள் என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. அதே ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன்.

அக்காவின் தம்பி களமருதூரிலிருந்து கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போனவன். மார்கழியில் போனான். தையில் ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல் மூளைக்கு ஏறி, பெற்றவளையே யாரென்று தெரியாமல் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் செத்தான். மலைக்காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் மலேரியாவைப் பற்றிப் பழைய குறிப்புகள் பல படித்திருக்கிறேன். அவற்றில் பருவம் இருக்கும், மழை இருக்கும், செத்தவன் இருக்கமாட்டான். அதனால்தான் நாளும் கிழமையும் நானே எழுதி வைக்கிறேன்.

அக்கா அழவில்லை. தடுப்பூசி ஆராய்ச்சியில் சேர்ந்தாள். கிருமியை உயிரோடு வைத்து, நோய் உண்டாக்கும் வலுவை மட்டும் உருவிவிட வேண்டும். அதை உடம்பில் செலுத்தினால், அதன் இனத்தையே அழிக்க உடம்பு பழகிக்கொள்ளும். "அவன வெச்சியே அவன் வம்சத்த அறுக்கணும்டா" என்பாள். பல தோல்விகளுக்குப் பின் அப்படியொரு வகை குடுவையில் நிலைத்தது.

அந்த ஆடி அமாவாசைக்குத் தம்பிக்குப் படையல். குடுவையை விட்டு வர முடியாது என்றாள் அக்கா. போனில் பெரியம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாய் சோறு வெக்க நேரமில்ல. அவனக் கொன்னதுக்கு நாள் தவறாம ரத்தம் ஊத்திக்கினு கீற. இன்னா பொறப்புடி நீ?"

அக்கா போனை வைத்தாள். பெட்டியைத் திறந்து, குடுவைக்குள் பிளீச்சை ஊற்றினாள். சிவப்பு துருநிறமாகிப் பிறகு வெளுத்தது. "செத்தான்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் கண்டதில்லை. எனக்கும் இனித்தது.

உறைய வைத்திருந்த மிச்சத்தை மறுநாள் எடுத்து எழுப்பிப் பார்த்தோம். எழவில்லை. நாங்கள் கொன்றது பல்லைப் பிடுங்கிய பாம்பை. பல்லுள்ளவை மலையில், கொசுவுக்குள் சௌக்கியமாக இருந்தன. அன்றுதான் அக்கா அழுதாள். "கைல மாட்னவன சும்மா சாவ வுட்டுட்டேன்டா."

மறுபடியும் முதலிலிருந்து. இப்போது வேறொரு வகை நிலைத்திருக்கிறது. விலங்குகளில் சோதனை நடக்கிறது. பலிக்குமா, தெரியாது. நடந்ததை அக்கா பெரியம்மாவிடம் எப்போது சொன்னாள் என்பது என் குறிப்புகளில் இல்லை. போன ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள் பெரியம்மாவே கூப்பிட்டாள்.

"படையல நான் போட்டுக்கறேன். நீ வராத. அதுக்கு வேளாவேளைக்கு ஊத்து. அவ்ளோ சுளுவா சாவ வுடாத."