சேரிட்டைப் போன ஆக்கள்

"டீச்சர், சேர் செத்துப் போனாராம்" எண்டு காலமை ஆறு மணிக்கு ஃபோனிலை சொன்னவ எங்கடை உப அதிபர். நான் குசினியிலை புட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனான். எந்தச் சேர் எண்டு கேட்டன். எங்கடை பள்ளிக்கூடத்திலை பத்துப் பன்ரெண்டு சேர்மார் இருக்கினம். வருத்தக்காரர், வயசு போனவை எண்டு எல்லாரும் மனசிலை வந்தினம், அவர் மட்டும் வரேல்லை. "உங்கடை ஒழுங்கைக்காரர்தான், கவுன்சிலிங் சேர்" எண்டா. எனக்குக் கொதி வந்திட்டுது. "உங்களுக்கென்ன விசரே? நேற்றுப் பின்னேரம் என்னோடை சண்டை பிடிச்சிட்டுப் போன மனிசன்!" எண்டு கத்தினன்.

அவற்றை வீடும் எங்கடை ஒழுங்கையிலைதான், எங்கடை படலையிலை இருந்து நாலாவது படலை. மாக் கையோடைதான் ஓடினனான். முத்தத்திலை ஆக்கள் நிண்டினம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பிடிச்ச ஓட்டோ வெறுமனே நிண்டுது. நெஞ்சுக்குள்ளை இறுக்குது எண்டு ஒருக்காச் சொன்னவராம், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயசு. அந்த மனிசன் குடிக்கிறேல்லை, சிகரெட் பத்திறேல்லை, ஐயோ, என்ன கோதாரிக்கு அவருக்கு இது?

அவற்றை கடைசிப் பெட்டை வாசல் நிலையிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டாள். ஆறாம் வகுப்பு. ஒரு பக்கம் பின்னி ரிபன் கட்டிக் கிடக்கு, மற்றப் பக்கம் மயிர் விரிஞ்சு தோளிலை கிடக்கு. ரெண்டு பெட்டையளுக்கும் தலை பின்னி விடுறது தகப்பன்தான், அதை வைச்சு ஒழுங்கையே அவரை நக்கலடிக்கும். "அப்பா பின்னிக்கொண்டிருக்கேக்கைதான் டீச்சர்" எண்டாள். அழேல்லை. என்னாலை அந்தப் பிள்ளையின்ரை தலையைப் பாக்க ஏலாமல் போச்சு. ஆராவது மற்றப் பக்கத்தைப் பின்னி விடுங்கோவன் எண்டு அங்கை நிண்ட பொம்பிளையளைப் பேசினன். நான் பின்னியிருக்கலாம். என்ரை கை முழுக்கப் புட்டு மா.

முதல் நாள் சண்டை ஒரு கணிதச் சோதினையாலை வந்தது. சோதினை நடக்கேக்கை ஒரு பெட்டையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிட்டார். "உங்கடை செல்லத்தாலைதான் உதுகள் உருப்படாமல் போகுதுகள்" எண்டு பிள்ளையளுக்கு முன்னாலையே சொன்னனான். அவர் சிரிச்சுப்போட்டு, "நாளைக்குக் கதைப்பம் டீச்சர்" எண்டார். நாளைக்காம்!

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. முன்னம் விளையாட்டுச் சாமான் வைச்ச சின்ன அறை ஒண்டை அவருக்குக் குடுத்தவை. உளவளத்துணை நிலையம் எண்டு பலகை செய்து வந்தது. அவர் அதைக் கொழுவ விடேல்லை. அதுக்குப் பதிலாய் நூலகத்திலை கிழிஞ்ச புத்தகமெல்லாத்தையும் தன்ரை அறையிலை அடுக்கி, ஒரு பேணி பசையும் வைச்சார். ஆரும் வந்து ஒட்டலாம் எண்டு அறிவிச்சார். நல்லாப் படிக்கிறதும் போகும், குழப்படியும் போகும், பொழுது போகாததும் போகும். அதுக்குள்ளை ஆர் அழப் போனது, ஆர் ஒட்டப் போனது எண்டு ஒரு குஞ்சுக்கும் தெரியாது. எங்கடை ஊரிலை ஒரு பெட்டை கவுன்சிலிங்குக்குப் போறாள் எண்டால் சும்மா விடுவினமே? ஒண்டு விசர் எண்டுவினம், இல்லாட்டி ஆரோடையோ தொடுப்பு எண்டுவினம். கலியாணம் பேசி வாற நேரத்திலையும் அந்தக் கதை பின்னாலை வரும்.

"என்ன சேர், இண்டைக்கு எத்தினை புத்தகம் ஒட்டினியள்?" எண்டு நானே பகிடி பண்ணுவன். பகிடி பண்ணின வாய்தான். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெட்டை ஒருத்திக்குக் கன்னத்திலை அறைஞ்சுபோட்டு, வகுப்பை விட்டு வெளியிலை வந்து நிண்டன். அவர் ஒரு அட்லஸைக் கொண்டுவந்து, "டீச்சர், இதின்ரை முதுகு விட்டுப் போச்சு, ஒருக்காப் பிடியுங்கோ" எண்டார். பிடிக்கப் போனனான். ஒரு பாடவேளை முழுக்க அழுதனான்.

லண்டனுக்குப் போன என்ரை மனிசன் அங்கை வேறை ஒருத்தியோடை இருக்கிறார், பிள்ளையும் இருக்கு. எட்டு வருசமாய் ஒரு ஃபோன் கோல் இல்லை. நான் தாலியும் பொட்டுமாய்த் திரிஞ்சுகொண்டு, ஞாயிறு ஞாயிறு ஃபோன் எடுக்கிறவர், சுகமாய் இருக்கிறார் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். என்ரை அம்மாவுக்கே தெரியாது. அவருக்கு மட்டும் சொன்னனான். அதுக்குப் பிறகும் எத்தினையோ கிழமை அட்லஸ் பிடிக்கப் போனனான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிஞ்ச பிறகு பள்ளிக்கூடத்திலை அஞ்சலிக் கூட்டம் வைச்சினம். அதுக்கு முதல் அவற்றை மனிசி அதிபரிட்டை ஒண்டே ஒண்டு கேட்டவ. பதினொரு வருசமாய்ப் பிள்ளையள், பிள்ளையள் எண்டு இருட்டினாப் பிறகுதான் வீட்டை வாறவர். ஆர் அந்தப் பிள்ளையள் எண்டு ஒரு பேர் சொன்னதில்லை. ஒருக்கா அந்த முகங்களைப் பாத்தால் எனக்குக் காணும் எண்டவ. பாவம், அதிலை என்ன பிழை?

அதிபர் நல்ல மனிசன். ஆனால் யோசிக்காத மனிசன். மேடையிலை படம் வைச்சு, விளக்குக் கொளுத்தி, தேவாரம் பாடி முடிய, மைக்கைப் பிடிச்சார். "எங்கடை சேரிட்டை ஆலோசனை பெற்ற பிள்ளையள் மட்டும் எழும்பி, வரிசையாய் வந்து பூப் போடுங்கோ" எண்டார்.

எனக்குத் திக்கெண்டுது. மண்டபம் நிறையப் பிள்ளையள். ஒண்டும் அசையேல்லை. அதிபர் திருப்பியும் சொன்னார், "வெக்கப்படாதேங்கோ" எண்டார். அதோடை இன்னும் இறுகிப் போச்சு. முன் கதிரையிலை மனிசி வெள்ளைச் சீலையோடை பின்னாலை திரும்பிப் பாத்துக்கொண்டு இருந்தா. ரெண்டு பெட்டையளும் பக்கத்திலை. ஒருத்தரும் வரேல்லை. அவவின்ரை முகம் மெல்ல மெல்லச் செத்துப் போனதை நான் கண்ணாலை கண்டனான். இந்த மனிசன் இவ்வளவு காலமும் எங்கை போய் வந்தவர் எண்டு அவ நினைச்சிருப்பாவோ? அப்பிடித்தான் எனக்குப் பட்டுது.

எனக்கு உச்சி கொதிச்சுது. நன்றி கெட்டதுகள்! அந்த மனிசன் உங்களுக்காண்டி எத்தினை பேரோடை முட்டுப்பட்டவர், என்னோடையும் சேர்த்து! எழும்புங்கோடி எண்டு கத்தத்தான் எழும்பினனான். கதிரை கிறீச்சிட்டுது. மண்டபமே என்னைத் திரும்பிப் பாத்துது. வாயைத் திறந்தபடி நிண்டன். நானும் அவரிட்டைப் போனவள்தானே. இவ்வளவு நேரமும் குந்திக்கொண்டு இருந்தது நானுந்தானே! அந்த எண்ணம் கன்னத்திலை அறைஞ்ச மாதிரி வந்துது.

பக்கத்திலை இருந்த உப அதிபர் என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தா. "இருங்கோ டீச்சர், உங்களை இல்லை, பிள்ளையளைத்தான் கூப்பிடுறார்" எண்டா. இருந்திருக்கலாம். பிள்ளையளை அதட்டத்தான் எழும்பினவ எண்டு எல்லாரும் நம்பியிருப்பினம், என்ரை சத்தம் தெரியாத ஆக்கள் அங்கை இல்லை. ஆனால் மனிசி என்னைப் பாத்தா. "அக்கா, நீங்களுமோ?" எண்டு கேட்டா.

"ஓம்" எண்டன். "நானும் போனனான்."

உப அதிபரின்ரை கை தானாய் விட்டுது. பின்னாலை டீச்சர்மார் குசுகுசுத்தது கேட்டுது. இனி இவளுக்கு என்ன பிரச்சினை எண்டு தோண்டுவினம், ஒரு கிழமைக்குள்ளை லண்டன் கதை சந்தி வரைக்கும் போகும். தெரிஞ்சுகொண்டுதான் நடந்தனான். பூவைப் போட்டன். எனக்குப் பின்னாலை ஒரு பிள்ளையும் வரேல்லை. வராதது சரி. அவர் பசைப் பேணி வைச்சுப் பதினொரு வருசமாய்க் காத்ததை அதுகள் காத்துதுகள். நன்றி கெட்டதுகள் எண்டு நினைச்ச என்ரை புத்தியைத்தான் செருப்பாலை அடிக்கவேணும்.

மேடையாலை இறங்கி வந்து மனிசிக்குப் பக்கத்திலை குந்தினன். அவவின்ரை காதுக்குள்ளை சொன்னன்: "என்ரை மனிசன் என்னை விட்டிட்டார். எட்டு வருசம். இது உங்கடை அவருக்கு மட்டும்தான் தெரியும். என்னைப்போலை எத்தினை பேர் இதுக்குள்ளை இருக்கினம். எழும்ப ஏலாது, அதுதான்."

அவ என்னை வடிவாய்ப் பாத்தா.

"நான் அவரிட்டை நெடுக உங்கடை அவரைப் பற்றிக் கேக்கிறனான்" எண்டா. "லண்டனிலை எப்பிடியாம், டீச்சர் ஏதும் சொன்னவவோ எண்டு. நல்ல சுகமாம், ஞாயிறு ஞாயிறு எடுக்கிறவராம் எண்டுதான் சொல்லுவார். ஒரு சொட்டும் முகம் மாறாது."

பேந்து என்ரை கையை ரெண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சா. "எனக்கு ஒரு பொய்யும் சொல்லாத மனிசன், அக்கா" எண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி, முப்பத்தொரு நாளிலை நான் காணாத அழுகை அழுதா.