முதலில் விட்டது கையா, மூச்சா

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அத்தனை பேர் நடுவில், "சின்னம்மா, இந்தப் பைய எங்க வைக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். அன்றோடு சரி. அவளைவிட வயதில் மூத்தவரான இயந்திரக்காரர்கூட அதையே பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே என்ன பெயர் இருந்தது என்று இப்போது கேட்டால், சம்பளப் பிரிவில்தான் விசாரிக்க வேண்டும்.

அவளுக்கு மடிப்பு மேசையில் வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதற வேண்டும். பிறகு முனைகளைச் சேர்த்தபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். ஒற்றை ஆளாகச் செய்யவே முடியாத வேலை.

சின்னம்மாவுக்கு எதிரே நிற்பவள் நெட்டை. அவளுடைய தோள் சின்னம்மாவின் உச்சந்தலைக்கு மேலே இருக்கும். ஆரம்பத்தில் விரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, மடித்தால் முக்கோணமாக வரும். நாளாக நாளாக நெட்டை முழங்காலைக் கொஞ்சம் மடக்கவும், சின்னம்மா கையைக் கொஞ்சம் தூக்கவும் பழகிக்கொண்டார்கள். பேச்சும் அந்த நடைக்கு ஏற்றபடிதான். கிட்டே வரும்போது ஒருத்தி கேட்பாள், விலகும்போது மற்றவள் பதில் சொல்வாள். வருஷக்கணக்கில் இப்படிப் பேசியும், சொந்த வீட்டுக் கதையை இருவரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. வார்டுக் கதை, பேருந்துக் கதை, மேற்பார்வையாளரின் புது மீசை என்றே பொழுது போய்விடும்.

முதல் சம்பளம் வாங்கியதும் அக்கா மகள் அவர்கள் இருவரையும் இயந்திரக்காரரையும் படத்துக்குக் கூட்டிப்போனாள். இயந்திரக்காரருக்கு அங்கே சோப்பண்ணன் என்று பெயர். ஊரெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. கதாநாயகன் மூச்சை அடக்கினால் உலகமே அப்படியே நின்றுவிடும். பறக்கிற பறவை அந்தரத்தில் நிற்கும், கொட்டுகிற தண்ணீர் பாதியில் நிற்கும். அவன் கையால் எதைத் தொடுகிறானோ அது மட்டும் மறுபடி அசையும். மூச்சை விட்டால் எல்லாம் பழையபடி ஓடும்.

சின்னம்மா முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தாள். முதல் பாதி நன்றாகத்தான் போனது. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் விளக்கு எரிந்ததுதான் தெரியும். குளிர்சாதனம், மெத்தென்ற நாற்காலி, அவள் என்ன செய்வாள்? திரும்பிப் பார்த்தால் நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்பண்ணன் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சின்னம்மா?" என்றாள் அக்கா மகள், முகமெல்லாம் ஆசையாக.

"மனசே சரியில்லடி," என்றாள் சின்னம்மா.

அந்தச் சிறுசு ஆசையாகக் கூட்டிவந்ததற்கு, தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

முடியவில்லை. மறுநாள் தேநீர் இடைவேளையில் சோப்பண்ணன் ஆரம்பித்தார்.

"காலம் நின்னு போச்சுல்ல, அப்ப லிஃப்ட் மட்டும் எப்படி ஓடுது?"

"கையால தொட்டா ஓடும்ண்ணே. முதல் பாதியிலேயே சொல்லிட்டாங்களே," என்றாள் அக்கா மகள்.

"அவன் தொட்டது பொத்தானத்தான். மேல இருக்கற மோட்டார யாரு தொட்டா?"

"எல்லாம் ஒரே லிஃப்ட்தானண்ணே."

"சரி, ஒரே லிஃப்ட்டு. அப்ப கடைசியில இடியப்போற பாலத்துக் கம்பியப் புடிச்சுக்கிட்டுத்தான நடக்கறான்? பாலமும் ஒரே பாலந்தான? அவன் தொட்டதும் அது விழுந்திருக்கணுமே?"

அக்கா மகள் கைப்பேசியை எடுத்தாள். ரசிகர்கள் குழு ஒன்றில் அவள் இருந்தாள். அங்கே இதே கேள்விக்கு ஆயிரம் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கையுறை போட்டிருந்தான் என்றது ஒரு கூட்டம். கையுறையைப் பாதியிலேயே கழற்றிவிட்டான் என்றது இன்னொரு கூட்டம்.

சின்னம்மா தன் பங்குக்கு, பார்த்த பாதியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். "அந்த நீலச் சட்டையோட சாக்கடைக்குள்ள விழுந்தானே. அடுத்த சீன்ல பாத்தா இஸ்திரி போட்ட மாதிரி நிக்கறான். நம்ம கிட்டதான் துவைக்கப் போட்டானா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் ஓட்டைகளெல்லாம் பேசித் தீர்ந்து, ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. பாலம் இடியப்போகிறது. நாயகன் மூச்சை அடக்கிக்கொண்டு, வண்டிகளில் இருக்கும் ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கரையேற்றுகிறான். கடைசியாக அவனுடைய சொந்தத் தம்பி. கால் காருக்கு அடியில் மாட்டியிருக்கிறது. இவன் இழுக்கிறான், வரவில்லை. திடீரென்று உலகம் ஓடத் தொடங்குகிறது, பாலம் விழுகிறது, தம்பி போய்விடுகிறான். அவன் முதலில் விட்டது கையையா, மூச்சையா? மூச்சு தானாக விட்டுப்போனது என்றால் அவனால் முடிந்தது அவ்வளவுதான். கையை முதலில் விட்டான் என்றால், தம்பியைத் தெரிந்தே கைவிட்டான்.

"கைதான் முதல்ல," என்று நெட்டை அடித்துச் சொன்னாள். "நான் பாத்தேன். விட்டுட்டான் பாவி."

"அடுத்த பாகத்துல தம்பி வருவான் பாருங்க," என்றாள் அக்கா மகள்.

"சின்னம்மா, நீ சொல்லு," என்றார் சோப்பண்ணன்.

சின்னம்மா மூன்று நாள் மழுப்பினாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "பாக்கறவங்க கண்ணப் பொறுத்தது" என்றாள். ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து அவளே மனதில் ஒரு முடிவை உண்டாக்கிவைத்திருந்தாள். வேலைக்கு நடந்து வரும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்து, அதில் நாயகனின் முகம்கூட அவளுக்குத் தெளிவாகிவிட்டது. நெட்டையோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அதைச் சொன்னாள்.

"நீ சொல்றபடியே கைதான் முதல்ல விட்டான்னு வையி," என்றாள் கிட்டே வந்து. "விட்டா என்ன தப்பு? ஊரையே இழுத்துப் போட்டவன். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்பான்?"

"கூடப் பொறந்தவன விட்டுட்டு அவன் எப்படித் தூங்குவான்?" என்றாள் நெட்டை, விலகிப் போனபடி.

"தூங்குவான். நல்லாவே தூங்குவான். அவ்வளவு களைப்பு அவனுக்கு."

நெட்டை நின்றுவிட்டாள். கையிலிருந்த முனைகளை மேசைமேல் வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போனவள் திரும்பி வரவில்லை. மதியம் பார்த்தால், உருளைக்கு விரிப்பு ஊட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தோள் வலிக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டாளாம். தோள் வலி உள்ள யாரும் உருளைக்குப் போக மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும், மேற்பார்வையாளரைத் தவிர.

நெட்டை நின்ற இடத்துக்கு அக்கா மகள் வந்தாள். அவளுக்குக் கையைவிட வாய் வேகம். விரிப்புகள் கோணல்மாணலாக வந்தன. பிரசவ வார்டிலிருந்து ஒரு தள்ளுவண்டி அப்படியே திரும்பி வந்தது. சின்னம்மாவுக்கு அதுகூடப் பெரிதில்லை. நெட்டை அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சினிமாவுக்காக யாரும் இப்படித் திரும்ப மாட்டார்கள். எங்கேயோ புண்ணில் கை வைத்துவிட்டோம் என்று புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "நீ தூங்காம பாத்த படம் எது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாக்கலன்னு சொல்லிடு," என்றார்.

மறுநாள் வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் நெட்டை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சின்னம்மா போய் எதிரே நின்றாள்.

"நெட்ட, ஒண்ணு சொல்றேன். அந்தப் படத்தோட முடிவ நான் பாக்கவே இல்ல. தூங்கிட்டேன்."

நெட்டை தலையைத் தூக்கினாள். "எது வரைக்கும்?"

"விளக்கு போடற வரைக்கும்."

"பாலம்?"

"பாக்கல."

"தம்பி காருக்கடியில மாட்டுனது?"

"நீ சொல்லித்தான் தெரியும்."

"அப்ப இத்தன நாளு நீ பேசுனது?"

"நீங்க பேசுனத வச்சுத்தான் பேசுனேன்."

நெட்டையின் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உதடு கோணியது. பெஞ்சில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாக்காதவ பேச்சக் கேட்டுட்டா நான் இப்படிக் கெடந்தேன்," என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் வந்தது இல்லை என்று தெரிந்ததும் சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நெட்டைக்குத் தம்பி ஒருவன் உண்டு என்பது சின்னம்மாவுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். மீதியை நெட்டை இப்போது சொன்னாள். பெற்றவர்கள் போனபின் அவனை வளர்த்தது அவள்தான். அவன் குடித்தான், வேலையை விட்டான், வீட்டுச் சாமான்களை விற்றான், மன்னிப்புக் கேட்டான், மறுபடியும் குடித்தான். வருஷக்கணக்கில் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். போன வருஷம் ஒரு மழை நாளில் அவன் வந்து கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இப்போது வேறு ஊரில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறானாம், குடிப்பதில்லையாம். யாரோ சொல்லித்தான் தெரியும். அவளோடு பேச்சு இல்லை.

"நீ சொன்னியே, தூங்குவான்னு," என்றாள் நெட்டை. "அன்னிக்கு நான் தூங்குனேன் சின்னம்மா. அவன் போன கொஞ்ச நேரத்துல படுத்தேன், விடியற வரைக்கும் அசையல. அப்படி ஒரு தூக்கம். கதவத் தொறக்காததுகூட ஆறிடும். அந்தத் தூக்கம்தான் எனக்கு ஆறவே இல்ல."

சின்னம்மா எழுந்தாள். நெட்டையின் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்தே போனார்கள்.

அக்கா மகளிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சின்னம்மா. குறட்ட எனக்கு அடுத்த சீட்லருந்துதான வந்துச்சு."

"தெரிஞ்சேதான் கேட்டியா, எப்படி இருந்துச்சுன்னு?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு பாத்தேன். அப்புறம் அன்னிக்கு மேசையில நீங்க சொன்ன முடிவு காதுல விழுந்துச்சு, நல்லா இருந்துச்சு. குழுவுல போட்டேன். நெறய பேர் அதான் சரின்னு சொல்லிட்டாங்க."

திங்கட்கிழமை நெட்டை மடிப்பு மேசைக்குத் திரும்பினாள். தோள் சரியாகிவிட்டது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் தைலம் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில், படம் மற்ற எல்லாத் தியேட்டர்களிலிருந்தும் எடுக்கப்பட்டு ஒரு பழைய தியேட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரும் பகல் காட்சிக்குப் போனார்கள். கண் செருகினால் கிள்ளிவிடு என்று சின்னம்மா முன்கூட்டியே சொல்லிவைத்தாள். கிள்ள வேண்டிய அவசியம் வரவில்லை.

பாலம் வந்தது. அவள் மனதில் ஓட்டிப் பார்த்ததைவிட அது சின்னதாக இருந்தது, சீக்கிரமாகவும் முடிந்தது. நாயகன் தம்பியின் கையைப் பிடித்து இழுக்கிறான். சுற்றிலும் சிமெண்டுத் தூசி. அவன் முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. அப்போது அவனுக்கு இருமல் வருகிறது. இருமல் வந்தால் எல்லோரும் செய்வதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோகிறான். தம்பியைப் பிடித்திருந்த கை அது. அவ்வளவுதான், பாலம் போய்விட்டது.

வெளியே வெயிலில் வந்து நின்றதும் சின்னம்மா கேட்டாள். "இருமல்னு ஒருத்தரும் சொல்லலியே?"

"நான் பாக்கல," என்றாள் நெட்டை. "அன்னிக்கு அந்த எடத்துல அழுதுக்கிட்டிருந்தேன்ல."

"வேணும்னு விடல அவன். தூசி போயிடுச்சு தொண்டையில."

நெட்டை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "இருந்தாலும் கைதான முதல்ல? இன்னொரு கை சும்மாதான இருந்துச்சு. அதால வாயப் பொத்தியிருக்கலாம்ல?"

"அவசரத்துல எந்தக் கைன்னா பாக்க முடியும்?"

"அப்புறம் உடனே இன்னொரு மூச்சு இழுத்து நிறுத்தியிருக்கலாம்ல?"

"இருமிக்கிட்டே எப்படிடி மூச்சப் புடிப்ப? நீ புடி பாப்போம்."

நெட்டை நடுத்தெருவில் நின்று இருமிப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. எதிரே வந்த ஒருவர், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த மாதம் நெட்டை தன் தம்பிக்குப் போன் செய்தாள். அதை விரிப்பு மடிக்கும்போதுதான் சின்னம்மாவிடம் சொன்னாள், கிட்டே வரும்போது கொஞ்சம், விலகும்போது கொஞ்சமாக. அவன் எடுத்தானாம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டானாம். ஒழுகுகிறது என்றாளாம். வாசரை மாற்றச் சொன்னானாம். அந்த மழை நாளைப் பற்றி இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. எப்போது வருவான் என்று அவள் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள்.

"அந்தப் படத்தப் பாத்தியான்னு கேட்டியா?" என்றாள் சின்னம்மா.

"கேட்டேன். அவன் படமே பாக்கறதில்லையாம்," என்றாள் நெட்டை, முழங்காலை மடக்கி முனைகளை நீட்டியபடி. "செய்தி மட்டும்தானாம்."