பொம்மைக்குப் பூசிய பரு மருந்து

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் திண்டுக்கல்லில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் வீட்டில் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். டீச்சர் முன்பக்கத்தில் தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், இரண்டு மகன்களும் வெளியூரில். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நல்ல மனுஷிதான், ஆனால் கறாரான ஆள். குழாயடியில் பாசி பிடித்தால்கூட நின்று விசாரணை நடத்திவிட்டுத்தான் நகர்வார்.

அவர் வீட்டு ஹாலில், மாதா படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு சிங்கப்பூர் பொம்மை. ரப்பர் மாதிரி மெத்தென்ற முகம், தங்க நிற முடி, வெள்ளைக் கவுன். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். என் மகளுக்கு அப்போது நாலு வயது. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். டீச்சர் முறுக்கு கொடுப்பார், பிஸ்கட் கொடுப்பார். பொம்மையை மட்டும் கையில் கொடுத்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரக் குழந்தை புரண்டு அழுதும் கொடுக்கவில்லை என்று தெருவில் பேச்சு உண்டு.

அந்த வருஷம் பெங்களூரில் இருந்த மூத்த மகன் வீட்டில் பேத்திக்குப் புதுநன்மை விழா, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். போகிற கையோடு, தான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று ஆள் ஏற்பாடு செய்திருந்தார் டீச்சர். கிளம்புகிற அன்று கண்ணாடிப் பெட்டியை அவரே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சுண்ணாம்பு தெறிக்கிற எடத்துல இது இருக்க வேணாம்மா. நான் வார வரைக்கும் ஒன் அலமாரி மேல இருக்கட்டும். பத்திரமாப் பாத்துக்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேர் இருக்க என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாரே என்று, பெட்டியைத் துடைத்து மர அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பார்த்தால், பொம்மை பெட்டிக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மகளிடம் கேட்டேன்.

"அவளுக்குத் தூக்கம் வருதாம்மா" என்றாள்.

பெட்டியை இறக்கித் திருப்பினேன். நெற்றியில் காலணா அளவுக்குச் சிவப்புப் பொட்டு. கண்ணைச் சுற்றி நீல மை, காது வரைக்கும் வால் நீட்டி. கன்னம் இரண்டிலும் சந்தனம் என்று சொல்லிச் சிவப்பு வட்டம். எல்லாம் என் வீட்டுக்காரரின் பால்பாயின்ட் பேனா வேலை. முந்தின நாள் மத்தியானம் நான் கண் அசந்த நேரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

"அவளுக்குக் கல்யாணம்மா. பொட்டு இல்லாம எப்படிப் போவா?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடித்து என்ன ஆகப்போகிறது? கை தானாக இறங்கிவிட்டது.

முதலில் ஈரத் துணியில் சோப்பைத் தொட்டுத் துடைத்தேன். அசையவில்லை. மை ஒரு நாளில் அந்த மெத்தென்ற முகத்துக்குள் இறங்கிவிட்டது. தண்ணீரை அள்ளி ஊற்றவும் பயம். கண்ணுக்குள் போய் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்தால் அப்புறம் கண் மூடாது. பற்பசை, எலுமிச்சம்பழம், ரப்பர் எல்லாம் ஆயிற்று. எதிர்வீட்டு அக்கா நகப்பூச்சு அழிக்கிற மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, எனக்குக் கொஞ்சம் மூளை வேலை செய்தது. முகத்தில் வைக்காமல் பொம்மையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். அந்த இடம் வெல்லம் இளகினாற்போலப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. முகத்தில் வைத்திருந்தால் மூக்கே கையோடு வந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்குப் பார்க்கிறவர். "எங்க ஷாப்புல கறை எடுக்குற மருந்து ஒண்ணு இருக்கு, கொண்டாரட்டுமா?" என்று உற்சாகமாகக் கேட்டார். அவர் சட்டையில் அடிக்கிற வாசனையே போதும், வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்கூட வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். நம்பிக் கொடுத்த மனுஷி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் கவலை.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் மகள் எங்களோடு தங்கியிருந்தாள். காந்திகிராமத்தில் படிக்கிறவள், ஹாஸ்டலில் சத்தம் அதிகம் என்று பரீட்சைக்குப் படிக்க இங்கே வந்திருந்தாள். முகம் பூராவும் பரு. மதுரையில் தோல் டாக்டரிடம் காட்டி, ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை அவளுடைய துண்டை அலசிக் கொடியில் போடும்போது பார்க்கிறேன், நல்ல ஊதாத் துண்டில் திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிருக்கிறது. என்ன சோப்புப் போட்டாய் என்று அவளைத்தான் முதலில் சத்தம் போட்டேன்.

"சோப்பு இல்லத்தே, அந்தக் களிம்புதான். தலகாணி உறையும் போச்சு. வெளுப்பு வாங்கும்னு டாக்டரே சொன்னாரு."

துண்டைக் கையில் வைத்தபடியே நின்றேன். துண்டில் ஏறிய சாயத்தையே எடுக்கிறது என்றால் பேனா மையை எடுக்காதா?

மறுபடியும் உள்ளங்காலில்தான் ஆரம்பித்தேன். பிசுபிசுக்கவில்லை, இளகவில்லை. தைரியம் வந்து, நெற்றிப் பொட்டின் மேல் தீக்குச்சி நுனியால் களிம்பை அப்பினேன். பூசினது காய்ந்துவிடாமல் இருக்க நாத்தனார் மகள் பால் கவரைக் கழுவித் துண்டு நறுக்கி மேலே ஒட்டினாள். புருவத்தில் படாமல் பூசுவதுதான் பெரும்பாடு. அது பெயின்ட், களிம்பு பட்டால் அதுவும் போய்விடும். வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்று அப்புறம் மொட்டைமாடி. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைத் திட்டாத நாளில்லை. அந்த வாரம் மட்டும் அதை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தங்க முடி வெளிறாமல் இருக்க அதற்கு ஒரு கைக்குட்டை கட்டி, காக்கா கொத்தாமல் இருக்க என் மகளைக் குடையோடு பக்கத்தில் உட்கார வைத்தேன். தண்டனை என்று நினைத்துத்தான் உட்கார வைத்தேன். அவளானால் பொம்மையிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் துடைத்துப் பார்த்தால் பொட்டு ரோஸ் நிறத்துக்கு இறங்கியிருந்தது. நானும் நாத்தனார் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அன்றிலிருந்து தினமும் இதே வேலை. டியூப் தீர்ந்து இன்னொன்று வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். பொம்மைக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்?

நீலம் போயிற்று. வட்டங்கள் போயின. டீச்சர் வருவதற்கு முந்தின நாள் பொட்டும் சுத்தமாகப் போய்விட்டது. கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாடைக்கு அடியில், கழுத்து மடிப்பில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கொஞ்சம் மங்கி, ஓரம் கலைந்து இருந்தது. இங்கேயும் கைவரிசையா என்று முனகிக்கொண்டே அதன் மேலும் களிம்பை அப்பிவிட்டேன்.

என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அது நான் வச்சதில்லம்மா. அது அவளோடது."

"சும்மா கத விடாத. வேற யாரு வச்சா?"

"அம்புட்டும் நாந்தான்னு சொன்னேன்ல? இது மட்டும் நான் இல்ல. மொதல்லயே இருந்துச்சு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் அவளை முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. எனக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். தாடைக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று, ஈரத் துணியால் களிம்பை வழித்துத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். வந்ததும் வராததுமாகப் பெட்டிக்குத்தான் வந்தார். நான் ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நீட்டினேன். அதற்குள் என் காலடியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், நான் அவளுக்குப் பொட்டு வச்சேன். அம்மா பரு மருந்து போட்டு அழிச்சுட்டாங்க."

எனக்கு உயிர் போய்விட்டது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து பொம்மையை வெளியே எடுத்தார். நெற்றியைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தாடையைத்தான் நிமிர்த்தினார். கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து பார்த்து, கட்டைவிரலை அந்தப் புள்ளி மேல் வைத்தார்.

"சேசுவே, இருக்கு" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். இரண்டு மகன்களுக்கு அப்புறம் அவருக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து டீச்சரின் தம்பி கொண்டுவந்த பொம்மை அவளுக்காக வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதைப் பார்த்துவிட்டு, அம்மா பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்துப் பொம்மைக்கும் வைத்திருக்கிறாள்.

"கன்னத்துல வச்சா நான் பாத்துருவேன்னு தாடைக்கு அடியில வச்சிருக்காம்மா, கள்ளி. அப்பயும் நான் பாத்துட்டேன். வெளிநாட்டுப் பொம்மையைப் பாழாக்கிட்டியேன்னு போட்டு வஞ்சேன். அந்த வருசமே காய்ச்சல்ல போயிட்டா. அவ கைபட்டதுன்னு எனக்கு இருக்குறது இது ஒண்ணுதான்."

முந்தின நாள் அந்தப் புள்ளி மேல் வெள்ளையாகக் களிம்பு அப்பியிருந்தது மட்டும் கண் முன்னால் வந்து வந்து போனது. இன்னும் அரை நாள் வெயில் பட்டிருந்தால் ஒரு தாய்க்கு மிச்சமிருந்த ஒரே ஒரு அடையாளத்தையும், சுத்தம் பண்ணுகிறேன் என்று நானே துடைத்துக் கொடுத்திருப்பேன். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதேன். பயம் விட்டுப்போன அழுகை அது. அழுது முடித்தபோது, இத்தனை நாளாக இறங்காத சோறு நினைவுக்கு வந்து, பசித்தது.

திரும்பி வந்து பார்த்தால் பொம்மை என் மகளின் மடியில் இருந்தது. டீச்சர் அவளிடம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவளை ஒரு வார்த்தை வையவில்லை.

அப்புறம் நாங்கள் வீடு மாறி, டீச்சரும் காலமாகி, என் மகளும் வளர்ந்துவிட்டாள். இப்போதும் பழைய சாமான் எதையாவது தேய்க்க எடுத்தால், ஒரு கறையைக் கண்டவுடன் என் கை ஒரு கணம் நின்றுவிடும். அது யார் வைத்தது என்று வீட்டில் ஒருவரையாவது கேட்ட பிறகுதான் துணியை நனைக்கிறேன்.